பேண்டுப் போட்டியைத் தெருவுக்கு இறக்குங்கள்

வடக்கு இங்கிலாந்தில் பித்தளை பேண்டுப் போட்டி நடக்கிற அரங்குக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது ஒரு கூண்டு. நாலு பக்கமும் துணி கட்டி மறைத்த கூண்டு. நடுவர்கள் அதற்குள்தான் இருப்பார்கள். முதல் பேண்டு மேடையேறும் முன்பே உள்ளே போனவர்கள், கடைசி பேண்டு இறங்கிய பிறகுதான் வெளியே வரலாம். டீயும் சாண்ட்விச்சும் உள்ளே போகும். மேடையில் இருப்பது போன வருட சாம்பியனா, பக்கத்துக் கிராமத்துப் பொடிசுகளா என்று அவர்களுக்குத் தெரியாது. யார் எப்போது வாசிப்பது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்திருப்பார்கள். உள்ளேயிருந்து விசில் வந்தால் வாசிக்க ஆரம்பிக்கலாம். அதன் பிறகு காதுக்கு மட்டும்தான் வேலை.

இதை முதன்முதலில் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. இப்போது இதற்காக யாருடனும் சண்டை போடுவேன். முகம் பார்க்காமல், ஊர் பார்க்காமல், மாமன் மச்சான் பார்க்காமல் மார்க் போட இதைவிட நேர்மையான வழி இருப்பதாகத் தோன்றவில்லை. கூண்டு அப்படியே இருக்கட்டும். அதைச் சுற்றி ஒரு காலத்தில் நின்ற கூட்டம் எங்கே போயிற்று என்பதுதான் என் கேள்வி. ஊரே திரண்டு வந்து கேட்ட போட்டி, இன்றைக்கு வாசிப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் மட்டும் உட்கார்ந்திருக்கிற பரீட்சைக் கூடமாகிவிட்டது. அதை மறுபடி தெருவுக்கு இறக்க வேண்டும் என்பது என் கட்சி.

யார் இந்த அம்மாள், இவளுக்கும் பித்தளைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். நான் மாஸ்லி என்கிற சின்ன ஊரில் குடியிருக்கிறேன். மருந்தாளுநர் வேலை. மான்செஸ்டருக்குக் கிழக்கே பெனைன் மலைச்சரிவில், மூச்சு வாங்க வைக்கும் ஏற்றத் தெருக்களும் இழுத்து மூடிய பஞ்சாலைகளும் உள்ள ஊர். லங்காஷயர், செஷயர், யார்க்‌ஷயர் ஆகிய மூன்று மாவட்டங்களும் பழைய காலத்தில் இந்த ஊருக்குள்தான் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன.

பிறந்து வளர்ந்தது சிங்காநல்லூர். அப்பா மில் தொழிலாளி. சங்கு ஊதினால் சைக்கிளை எடுத்துவிடுவார். அவர் நின்று வேலை பார்த்த ரிங் ஃபிரேமின் பக்கவாட்டில் ‘பிளாட் பிரதர்ஸ், ஓல்டாம்’ என்று இரும்பில் வார்த்த எழுத்து இருக்குமாம். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு, அந்த ஓல்டாம் எங்கள் வீட்டிலிருந்து பஸ் பிடித்துப் போகிற தூரம்தான் என்று ஃபோனில் சொன்னபோது கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை அவருக்கு. மெஷின் இங்கிருந்து எங்கள் ஊருக்கு வந்தது. அந்த மெஷினை ஓட்டியவர்கள் இங்கே வைத்திருந்த பேண்டு மட்டும் கூட வரவில்லை. அப்பாவின் மில்லில் பேண்டு கிடையாது. அது ஏன் என்று யோசிக்கப்போய்த்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. மகள் இளையோர் பேண்டில் சேர்ந்ததும் முற்றிவிட்டது.

ஊர்ப் பெருமையை முதலில் சொல்லிவிடுகிறேன். 1853 செப்டம்பர் 5, திங்கட்கிழமை. மான்செஸ்டர் பெல்வியூ விலங்குப் பூங்காவில் பேண்டுப் போட்டி. எட்டு பேண்டுகள் மோதின. 16,000 பேர் வந்தார்கள் என்பது கணக்கு. முதல் பரிசு வாங்கியது மாஸ்லி டெம்பரன்ஸ் சாக்ஸ்ஹார்ன் பேண்டு. டெம்பரன்ஸ் என்றால் மதுவிலக்கு இயக்கம். இந்தப் பெருமையை எங்கள் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் மதுக்கடையில் உட்கார்ந்துகொண்டுதான் சொல்வார்கள்.

அதற்கு எட்டு வருடம் முன்னாலேயே, 1845-இல், ஹல் நகருக்குப் பக்கத்தில் பர்ட்டன் கான்ஸ்டபிள் என்கிற பெரிய மாளிகைத் தோட்டத்தில் ஐந்து பேண்டுகள் போட்டியிட்டிருக்கின்றன. அது சீமாட்டி ஒருவர் தன் விருந்தாளிகளுக்காக வைத்த கொண்டாட்டம். பெல்வியூ அப்படியல்ல. அங்கே வந்தவர்கள் காசு கொடுத்து வந்த ஆலைத் தொழிலாளிகள். இரண்டுக்கும் நடுவில் நின்றவர் எண்டர்பி ஜாக்சன், ஹல் நகரத்து மெழுகுவர்த்திக்காரரின் மகன். அப்பாவின் தொழிலைவிட்டு வாத்தியத்தைக் கையில் எடுத்த ஆள். இசையறிவு எவ்வளவோ தெரியாது, வியாபார மூளை அபாரம். பேண்டு ஜெயிக்க வேண்டும் என்றால் அந்த ஊர் கூடவே வர வேண்டும், ஊர் வர வேண்டும் என்றால் ரயில் கட்டணம் குறைய வேண்டும் என்று கணக்குப் போட்டவர் அவர். ரயில் கம்பெனிகளோடு பேசி மலிவு டிக்கெட்டில் சிறப்பு ரயில்கள் விட வைத்தார். 1860 ஜூலையில் லண்டன் கிறிஸ்டல் பேலஸில் நூற்றுக்கும் மேற்பட்ட பேண்டுகளைக் கூட்டி இரண்டு நாள் போட்டி நடத்தினார். முதன்முதலாக லண்டனைப் பார்த்தவர்கள் அந்தக் கூட்டத்தில் நிறையப் பேர் இருந்திருப்பார்கள்.

பெல்வியூவுக்கு வந்தவர்கள் பேண்டுக்காக மட்டும் வந்தார்களா? இல்லை. மிருகங்களைப் பார்க்கவும், இருட்டிய பிறகு வாணவேடிக்கை பார்க்கவும், பிள்ளைகளுக்குத் தின்பண்டம் வாங்கிக் கொடுக்கவும் வந்தார்கள். இதைச் சொன்னால் இன்றைய போட்டிக்காரர்கள் முகம் சுளிப்பார்கள். எனக்கோ அதுதான் விஷயமே. குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு கேட்கிற பாட்டுக்குத் தனி ஆயுள் உண்டு.

பேண்டு ஏன் ஆலை ஊர்களில் அப்படி வேர் பிடித்தது? 1850-ஆம் வருடத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி சனிக்கிழமை மதியம் 2 மணிக்கு ஆலையில் பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் வேலை முடிய வேண்டும். அவர்கள் போய்விட்டால் மெஷின் தானாக நின்றுவிடும். ஒத்திகைக்கு நேரம் அப்படிக் கிடைத்தது. வாத்தியம் அதே காலத்தில் மாறியது. பித்தளைக் குழாயில் பிஸ்டன் வால்வு வந்தது. மூன்று விரல் போதும், எந்த ஸ்வரமும் வரும். நாளெல்லாம் தறியில் நின்று காய்த்துப்போன கைக்கு அது தோதாக இருந்தது.

இந்த பேண்டின் சூட்சுமம் ஒன்று இருக்கிறது. கார்னெட், ஃப்ளூகல் ஹார்ன், டெனர் ஹார்ன், பாரிடோன், யூஃபோனியம், டிராம்போன், பேஸ் என்று இருபத்தைந்து பித்தளை வாத்தியங்கள். பேஸ் டிராம்போன் ஒன்றைத் தவிர எல்லாருக்கும் ஒரே மாதிரி எழுத்து, வால்வு உள்ள எல்லாவற்றுக்கும் ஒரே விரல் முறை. கார்னெட் வாசிக்கிற பையனிடம் நாளைக்கே டெனர் ஹார்னைக் கொடுத்தால் தாளைப் பார்த்து வாசித்துவிடுவான். உதடு பழகத்தான் கொஞ்ச நாள் ஆகும். பேஸ் வாசிக்கிறவர் வேறு ஊருக்கு வேலை மாறிப் போய்விட்டாலும் பேண்டு நின்றுவிடாது, உள்ளேயிருந்தே ஓர் ஆளைத் தேற்றிக்கொள்ளும். என் மகளும் அப்படித்தான் கார்னெட்டில் ஆரம்பித்து, ஆள் குறைந்த இடத்துக்கு நகர்த்தப்பட்டு, டெனர் ஹார்னில் வந்து நின்றாள். வாத்தியத்துக்கு நாங்கள் ஒரு பென்னி கொடுக்கவில்லை. அது பேண்டின் சொத்து. விலகினால் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முதலாளிகள் பணம் போட்டார்கள், உண்மை. பிராட்ஃபோர்டுக்குப் பக்கத்தில் க்வீன்ஸ்பரியில் ஜான் ஃபாஸ்டரின் ஆலை 1855-இல் ஊர் பேண்டைத் தன் பெயரில் எடுத்துக்கொண்டது. பிளாக் டைக் மில்ஸ் பேண்டு. கிறிஸ்டல் பேலஸில் முதல் நாள் ஜெயித்தது அதுதான்; இன்றைக்கும் அது முன்வரிசை பேண்டு. 1968-இல் பால் மெக்கார்ட்னி தான் எழுதிய மெட்டு ஒன்றை அவர்களை வாசிக்க வைத்துப் பதிவு செய்தார். பீட்டில்ஸ்காரரே தேடி வந்தார் என்று க்வீன்ஸ்பரிக்காரர்கள் அலட்டிக்கொண்டதாகத் தெரியவில்லை. அந்த ஊர் அப்படி.

ஆனால் முதலாளிகளின் தருமத்தால் பேண்டு வளர்ந்தது என்று எழுதுகிறவர்களோடு எனக்கு ஒத்துவராது. சீருடையும் ஒத்திகைக் கூடமும் வாங்கிக் கொடுத்தால் ஆலையின் பெயர் இலவசமாக ஊர் ஊராகப் போகிறது. தொழிலாளியும் கையில் வாத்தியத்தோடு கண்ணெதிரில் இருக்கிறான். அது நல்ல முதலீடு. இரவு ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்தது யார்? சம்பளத்தில் பிடித்தம் போட்டு வாத்தியக் கடனை அடைத்தது யார்? முதலாளியே இல்லாத பேண்டுகள் எத்தனையோ இருந்தன. சந்தா வசூலித்து, டீ விருந்து நடத்தி, வீடு வீடாகக் கேரல் பாடி ஓட்டின.

போட்டி வந்ததும் பேண்டுக்கு வாத்தியார் தேவைப்பட்டார். ஜான் கிளாட்னி, எட்வின் ஸ்விஃப்ட், அலெக்ஸாண்டர் ஓவன் என்று மூன்று பேர். கிளாட்னி மான்செஸ்டர் ஹாலே இசைக்குழுவில் கிளாரினெட் வாசித்தவர். ஸ்விஃப்ட் ஆலையில் வேலை செய்துகொண்டே இசை கற்றவர். ஒருவரே பல பேண்டுகளைத் தயார் செய்வார். கிளாட்னி பழக்கிய மெல்தம் மில்ஸ் பேண்டு 1876, 1877, 1878 என்று பெல்வியூவில் தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தது. இன்றைக்கு பேண்டில் எத்தனை பேர் எந்த வாத்தியத்தோடு உட்கார வேண்டும் என்கிற அமைப்பெல்லாம் இவர்கள் கையில் உறைந்ததுதான்.

எதை வாசித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சில வருடங்களுக்குள்ளேயே எல்லா பேண்டும் ஒரே உருப்படியை வாசிக்க வேண்டும் என்ற விதி வந்துவிட்டது. அந்த உருப்படிகள் பெரும்பாலும் ஆபராவிலிருந்து எடுத்துத் தொகுத்தவை. வெர்டி, ரோசினி, மெயர்பியர். கிராமஃபோனும் வானொலியும் வராத காலம். ஆபரா அரங்கின் வாசற்படியை மிதித்திராத நெசவாளி, வெர்டியின் மெட்டைப் போட்டிக்காக மாதக்கணக்கில் வாசித்து மனப்பாடமாக்கி, தெருவில் நடந்து போகும்போது சீட்டியடித்திருக்கிறான். சபா டிக்கெட் வாங்காதவனுக்கும் வீதியுலாவில் நாகஸ்வரம் தோடியைக் கொண்டுவந்து கொடுத்ததே, அந்தக் காரியத்தை இங்கே செய்தது போட்டி பேண்டு. கேட்டவர்களுக்கு மெட்டு தெரியும். எந்த பேண்டு எங்கே சறுக்கியது என்று கூட்டத்தில் நின்றவனுக்கும் தெரியும். நடுவர் தீர்ப்பு பிடிக்காவிட்டால் கூச்சல் போடும் உரிமை அவனுக்கு இருந்தது. அதை அவன் தாராளமாகப் பயன்படுத்தினான்.

பிறகு என்ன ஆயிற்று? யாரும் கெட்டது செய்யவில்லை. அதுதான் சிக்கல்.

1900-இல் ஜான் ஹென்றி ஐல்ஸ் என்பவர் கிறிஸ்டல் பேலஸில் தேசியப் போட்டியை மறுபடி தொடங்கினார். 1913-இல் முதன்முதலாக, பித்தளை பேண்டுக்கென்றே எழுதப்பட்ட புது உருப்படியைப் போட்டிக்கு வைத்தார்கள்: பெர்சி ஃபிளெட்சரின் ‘லேபர் அண்ட் லவ்’. பேக்கப் ஊரைச் சேர்ந்த இர்வெல் ஸ்பிரிங்ஸ் பேண்டு ஜெயித்தது. 1928-இல் குஸ்தாவ் ஹோல்ஸ்ட், 1930-இல் எட்வர்ட் எல்கார், 1932-இல் ஜான் அயர்லாந்து. இங்கிலாந்தின் பெரிய தலைகள் எல்லாம் சுரங்கத் தொழிலாளிகளுக்காகவும் நெசவாளிகளுக்காகவும் எழுதினார்கள். பேண்டுக்காரர்களுக்கு இது எவ்வளவு பெரிய மரியாதை என்று சொல்ல வேண்டியதில்லை. எல்காரின் ‘செவர்ன் சூட்’ போட்டி இல்லாவிட்டால் பிறந்திருக்கவே வாய்ப்பில்லை. அதை இழக்கச் சொல்ல எனக்கு மனசு வராது.

ஆனால் உருப்படி புதிதாக வர வர, கூட்டத்தில் நின்றவனுக்கு மெட்டு தெரியாமல் போயிற்று. தெரியாத பாட்டில் யார் சறுக்கினார்கள் என்று அவன் எப்படிக் கண்டுபிடிப்பான்? போட்டிக்கான உருப்படி வருடா வருடம் கடினமாகிக்கொண்டே போனது. உருப்படியின் வேலையே பேண்டுகளைத் தரம் பிரிப்பது என்றாயிற்று. 1936 நவம்பரில் கிறிஸ்டல் பேலஸ் எரிந்து சாம்பலானது. போர் முடிந்த 1945-இல் தேசிய இறுதிப்போட்டி லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலுக்குக் குடியேறியது. அங்கே இப்போது இருபது பேண்டுகள் வரை ஒரே உருப்படியை, கால் மணி நேரத்துக்குக் குறையாத உருப்படியை, காலையிலிருந்து மாலை வரை ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும். ஆறாவது முறை கேட்கும்போது பக்கத்து நாற்காலிக்காரர் குறுக்கெழுத்துப் போட ஆரம்பித்துவிடுவார்.

வட்டாரப் போட்டிகள் இன்றைய வடிவத்துக்கு வந்தது அந்தப் போருக்குப் பிறகுதான். தொழிலாளர் கட்சிச் சார்புள்ள ‘டெய்லி ஹெரால்ட்’ நாளிதழ் புரவலராக வந்து நாடு முழுவதையும் வட்டாரங்களாகப் பிரித்தது. (அதே நாளிதழ்தான் 1964-இல் ‘தி சன்’ ஆனது. யாருக்கும் விதி எப்படி எழுதியிருக்கிறதோ.) ஸ்காட்லாந்து, வேல்ஸ், யார்க்‌ஷயர், வடமேற்கு என்று எட்டு வட்டாரங்கள், சாம்பியன் பிரிவுக்குக் கீழே முதலாவதிலிருந்து நான்காவது வரை பிரிவுகள். வசந்த காலத்தில் வட்டாரப் போட்டி. அதில் தேறினால் இலையுதிர் காலத்தில் இறுதிப்போட்டி. கால்பந்து மாதிரியே பதவி உயர்வும் இறக்கமும் உண்டு. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. நான்காம் பிரிவில் இருக்கிற கிராமத்து பேண்டுக்கும் ஏற ஒரு படி இருக்கிறது. இப்போது ஆடவர், பெண்டிர், பள்ளிப் பிள்ளைகள், தாத்தாக்கள் எல்லாரும் ஒரே வரிசையில் உட்காருகிறார்கள்.

எதிர்வீட்டுப் பெரியவர் இளம் வயதில் இருந்த பேண்டில் பெண் பிள்ளைகளைச் சேர்க்கவே மாட்டார்களாம். யூஃபோனியம் வாசித்தவர், பல் போன பிறகு விட்டுவிட்டார். அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று பல தடவை சொல்லிவிட்டார். எனக்கு வாய் வராது, அங்கிள் என்றே கூப்பிடுகிறேன். அவர் என்னை இந்த ஊர் வழக்கப்படி ‘லவ்’ என்பார். மகளின் பேண்டு மூன்றாம் பிரிவில் வாசித்த வட்டாரப் போட்டிக்கு அவரையும் அழைத்துக்கொண்டு போனேன். நல்ல பெரிய அரங்கு. பாதிக்கு மேல் காலி. இருந்தவர்களிலும் பாதிப் பேர் சீருடையில், தங்கள் முறைக்குக் காத்திருக்கிற பிள்ளைகள். மீதி, கோட்டு மடித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அப்பா அம்மாக்கள். தன் பேண்டு வாசித்து முடித்ததும் குடும்பத்தோடு எழுந்து போய்விடுகிறார்கள். வாசலுக்கு வெளியே அந்த ஊர் சனிக்கிழமைச் சந்தையில் மும்முரமாக இருந்தது. உள்ளே போட்டி நடக்கிறது என்பதே அங்கே யாருக்கும் தெரியாது. திரும்பும்போது பெரியவர் சொன்னார்: “எங்க காலத்துல நாங்க தோத்தா ஊர்ல ஒரு வாரம் தலை காட்ட முடியாது, லவ். இப்ப ஜெயிச்சாலும் பேப்பர்காரன் கூடக் கேக்கறதில்ல.”

இதை எழுதும்போது கிரைம்தார்ப் பற்றிக் கேட்பீர்கள் என்று தெரியும். யார்க்‌ஷயரில் சுரங்க ஊர். 1992 அக்டோபரில் நாட்டின் 31 நிலக்கரிச் சுரங்கங்களை மூடப்போவதாக அரசு அறிவித்தது. அதே மாதம் கிரைம்தார்ப் கோலியரி பேண்டு ஆல்பர்ட் ஹாலில் தேசியப் போட்டியை ஜெயித்தது. மறு வருடம் சுரங்கத்துக்குப் பூட்டு. அந்தக் கதையின் சாயலில் 1996-இல் ‘பிராஸ்ட் ஆஃப்’ படம் வந்தது. பேண்டுச் சத்தத்தையே கேட்டிராத எத்தனையோ பேர் அரங்கில் அழுதார்கள். அந்தப் படத்தை வைத்து, போட்டி பேண்டுக்குப் பொதுமக்களிடம் இன்னும் இடம் இருக்கிறது என்று வாதம் செய்வார்கள். நான் அதையே திருப்பிக் கேட்கிறேன். மக்கள் அழுதது உருப்படியின் கடினத்தைக் கேட்டா? வாசிப்பவர்கள் யார், அவர்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்ததால். பேண்டும் ஊரும் சேர்ந்து கண்ணுக்குத் தெரிந்ததால். வட்டாரப் போட்டி அரங்கில் அந்த ஊர்தான் காணாமல் போயிருக்கிறது.

அது காணாமல் போகாத இடம் ஒன்று உண்டு. அதுவும் எங்கள் பக்கத்திலேயே.

பெந்தகொஸ்தே ஞாயிறுக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. விட் ஃபிரைடே. ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் வெள்ளை உடையில் பதாகைகளோடு பேண்டு முன்னால் போக ஊர்வலம் வருவது பழைய வழக்கம். அதற்காக வாடகைக்கு வந்த பேண்டுகளை மாலையில் சும்மா அனுப்புவானேன் என்று 1884-இல் போட்டி வைத்தார்கள். அது இன்றைக்கும் நடக்கிறது. சாடில்வொர்த், டேம்சைட் பகுதிகளில் டெல்ஃப், டாப்கிராஸ், அப்பர்மில், கிரீன்ஃபீல்ட், லிட்கேட், மாஸ்லி, ஸ்டேலிபிரிட்ஜ் என்று ஒரே மாலையில் இருபதுக்கும் மேற்பட்ட கிராமங்கள் தனித்தனியாகப் போட்டி நடத்துகின்றன. நூற்றுக்கும் மேற்பட்ட பேண்டுகள் பஸ் பிடித்து வருகின்றன. ஒரு கிராமத்தில் வாசித்துவிட்டு, வாத்தியத்தை அள்ளிப்போட்டுக்கொண்டு, பஸ் ஏறி அடுத்த கிராமத்துக்கு ஓட வேண்டும். எத்தனை ஊரில் வாசிக்கலாம் என்பது டிரைவரின் சாமர்த்தியம். மலைச்சாலையில் பஸ்கள் வரிசையாக மாட்டிக்கொண்டு நிற்கும். அன்று மாலை மருந்து வேண்டுமென்றால் மதியமே வந்து வாங்கிக்கொண்டு போங்கள் என்று கடைக்கு வருகிறவர்களிடம் சொல்லிவிடுவேன்.

ஒவ்வொரு ஊரிலும் பேண்டு முதலில் தெருவில் அணிவகுத்து மார்ச் வாசித்துக்கொண்டு வரும். பிறகு நின்று இன்னொரு மார்ச் வாசிக்கும். அதற்குத்தான் மார்க். நடுவர் எங்கே? திரை இழுத்துவிட்ட கேரவனுக்குள், அல்லது யாரோ ஒருவர் வீட்டு மாடியில் ஜன்னல் திரைக்குப் பின்னால். ஆல்பர்ட் ஹாலின் அதே நேர்மை, தெருவில். நாட்டின் முதல் தர பேண்டு வாசித்து நகர்ந்த அதே இடத்தில், அடுத்து விசித்திர வேடம் போட்ட கல்லூரிப் பிள்ளைகள் வந்து நிற்பார்கள். அதற்கடுத்து பன்னிரண்டு வயதுப் பொடிசுகள். கூட்டம் மூவருக்கும் கை தட்டும், ஆனால் ஒரே மாதிரி தட்டாது. மெட்டு அவர்களுக்குத் தெரியும். வில்லியம் ரிம்மரின் ‘ரேவன்ஸ்வுட்’, ஜார்ஜ் ஆலனின் ‘நைட் டெம்ப்ளர்’ என்று நூறு வருடமாகக் கேட்டுப் பழகிய மார்ச்சுகள். ஜார்ஜ் ஆலன் ஷில்டனில் ரயில் பெட்டிப் பட்டறையில் கொல்லராக வேலை பார்த்தவர். அவர் எழுதியதை வாசித்தால் இன்றைக்கும் பேஸ்காரர்களுக்கு வியர்க்கும். எங்கள் தெருமுனையில் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கிழவி ஒருத்தி, நடு மார்ச்சில் டிராம்போன் தடுமாறினால் நாக்கைச் சப்புக்கொட்டுவாள். பெல்வியூவில் கூச்சல் போட்டவனின் பேத்தியாக இருக்கலாம்.

பதிவு பெற்ற பேண்டுக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். விட் ஃபிரைடே ஒரு கேளிக்கை, வட்டாரப் போட்டிதான் அசல். மார்ச்சு வாசித்துத் தரம் உயராது என்பார்கள். தரம் உயர்வது உண்மை என்று ஒப்புக்கொள்கிறேன். இன்று மூன்றாம் பிரிவில் பிள்ளைகள் வாசிப்பதைக் கேட்டால் அந்தக் காலத்து மாஸ்லிக்காரர்கள் தொப்பியைக் கழற்றியிருப்பார்கள். ஆனால் தரம் உயர உயர, கீழ்ப்பிரிவு பேண்டுகள் ஆள் கிடைக்காமல் கலைகின்றனவே, அது யார் கணக்கு? போட்டிக்கு மாதக்கணக்கில் ஒரே உருப்படியை அரைத்து, காலி அரங்கில் வாசித்து, எட்டாவது இடம் வாங்கி வீட்டுக்கு வருகிற பதினாறு வயதுப் பையன் அடுத்த வருடம் ஏன் வர வேண்டும்?

நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. கூண்டு இருக்கட்டும், பிரிவுகள் இருக்கட்டும், கடினமான உருப்படியும் ஒரு பாதி நேரத்துக்கு இருக்கட்டும். வட்டாரப் போட்டி நடக்கும் சனிக்கிழமையில், வாசித்து முடித்த ஒவ்வொரு பேண்டும் அந்த ஊர்ச் சந்தைத் தெருவில் இறங்கி ஒரு மார்ச்சும், தனக்குப் பிடித்த ஒரு மெட்டும் வாசிக்க வேண்டும் என்று விதி வையுங்கள். அதற்கும் மார்க் போடுங்கள். திரைக்குப் பின்னால் இன்னொரு நடுவரை உட்கார வையுங்கள். சந்தைத் தெருவில் மாடி வீடுகளுக்கா பஞ்சம்? மார்ச் மாதம் குளிரும், மழை பெய்யும் என்பார்கள். விட் ஃபிரைடே மாலைகளில் இந்த மலையில் எவ்வளவு மழை பெய்யும் என்று அவர்களுக்குத் தெரியாதா?

தெருப் போட்டிக்கு ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. 2020, 2021 இரண்டு வருடமும் கொரோனாவால் நின்று, 2022-இல்தான் திரும்ப நடந்தது. பேண்டுகள் வந்துவிட்டன. நடத்துகிற கிராமக் கமிட்டிகளுக்குத்தான் மூச்சு வாங்குகிறது. சாலையை மூட அனுமதி, காப்பீடு, முதலுதவி ஆட்கள், பரிசுப் பணம் எல்லாவற்றுக்கும் கூட்டத்தில் வாளி ஏந்தி வசூலிக்கிற காசும், கடைக்காரர்கள் கொடுக்கிற நன்கொடையும்தான். கமிட்டியில் இருப்பவர்களில் பெரும்பாலோர் ஓய்வு பெற்றவர்கள். அங்கிளும் அதில் ஒருவர். வாளி பிடிக்க ஆள் குறைகிறது, நீயும் வா லவ் என்று கூப்பிட்டிருக்கிறார். போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சேலையில் வந்தால் வசூல் கூடுமா என்று கேட்டேன். மழைக்கோட்டு எடுத்துக்கொண்டு வரச் சொன்னார்.